கடனுக்கு முன் மூடியைத் திறங்கள்

வங்கியில் இருந்தபோது டிராக்டர் கடனுக்காக எத்தனையோ நிலப் பத்திரங்களை அடமானம் வாங்கியவன் நான். இன்று திருத்தணிப் பக்கம் நாலு ஏக்கரில் இயற்கை விவசாயம்.

போன வருஷம் என் பழைய மாஸ்ஸி 1035 நீலப்புகை கக்கியது. "வித்துட்டுப் புதுசு எடுங்க சார்" என்றார்கள். மெக்கானிக், எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தார்; குபுகுபுவெனப் புகை. ரிங் தேய்ந்துவிட்டது. காரணம் நான்தான்: ஏர் கிளீனர் ஆயிலை மாற்றாமலே புழுதியில் ஓட்டியிருக்கிறேன்.

மூன்று சிலிண்டருக்கும் லைனர், பிஸ்டன், ரிங் மாற்றினோம். கிராங்க்கை அளந்து, கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற பேரிங் போட்டோம். சென்னையில் தயாராகும் சிம்சன் எஞ்சின். உதிரிக்கு அலைச்சல் இல்லை. மொத்தச் செலவு, புது வண்டியின் ஒரு வருஷத் தவணைக்குள் அடங்கியது. கியர் பாக்ஸ் நன்றாக இருக்கும் வண்டியை விற்பது, என் கணக்கில், நஷ்டம்தான்.

முதல் 50 மணி நேரம் முழு பாரம் ஏற்றவில்லை. ஏர் கிளீனரை இப்போது வாராவாரம் நானே கழுவுகிறேன்.