பிரேக்குக்கு விலை இல்லாத கார்கள்

சென்ற அறுவடைக் காலத்தில் நம் மாணவர் ஒருவர் திருநள்ளாறு சாலையில் மோட்டார் சைக்கிளோடு சறுக்கி விழுந்தார். வலது காலில் கம்பி வைத்திருந்தார்கள். சாலையின் பாதி அகலத்துக்கு நெல் காயப் போட்டிருந்ததாம். கடைமடையில் வாழ்பவர்களுக்கு இதில் புதுமை ஏதுமில்லை. தை, மாசியில் நம் தார்ச்சாலைகள் எல்லாம் களங்கள்தாம். அவருடைய வண்டியைப் பிறகு பட்டறையில் பார்த்தோம். இழுவை கூட வேண்டுமென்று முன் ஸ்ப்ராக்கெட்டில் பல் குறைக்கப்பட்டிருந்தது. சைலன்சர் மாற்றப்பட்டிருந்தது. கண்ணாடிகள் கழற்றப்பட்டிருந்தன. பிரேக் மட்டும் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது. பின் டயரில் பட்டை என்று சொல்ல ஒன்றுமில்லை.

ஆசிரியர் அறையில் தீர்ப்பு உடனே வழங்கப்பட்டுவிட்டது. கைப்பேசியில் எந்நேரமும் கார் பந்தயம் ஆடுகிற பையன், வேறென்ன ஆகும் என்றார்கள். நாம் இந்தத் தீர்ப்பை ஏற்கவில்லை. முழுக்க மறுக்கவும் இல்லை. எந்த விளையாட்டு என்று கேட்காமல் தீர்ப்புச் சொல்வது, எந்த நாவல் என்று கேட்காமல் நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று முன்னோர் சிலர் சொன்னதற்கு ஒப்பாகும்.

நாற்பதைக் கடந்த தமிழாசிரியருக்கு இதில் என்ன அனுபவம் என்று வாசகர் ஐயுறலாம். 2004இல், முதுகலைப் பாடங்களுக்கு நடுவே, பாரதியார் சாலையில் ஒரு பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து 'நீட் ஃபார் ஸ்பீட்: அண்டர்கிரவுண்ட்' ஆடியவர்களுள் நாமும் ஒருவர். 2003இல் வந்த விளையாட்டு அது. நள்ளிரவு நகரம், மழை நனைத்த சாலை, காருக்கு அடியில் நீல விளக்கு. பந்தயத்தில் வென்றால் எஞ்சினுக்கு ஒரு படி, டயருக்கு ஒரு படி என்று மேம்பாடுகள் திறந்துகொண்டே போகும். வாங்கியது எதுவாயினும் கார் முன்னைவிட நன்றாகவே ஓடும். ஏறுமுகம் ஒன்றே அதன் விதி. ஒன்றைக் கூட்டினால் மற்றொன்று குறையும் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

பின்னர் ஒரு நண்பர் வீட்டுப் பிளேஸ்டேஷனில் 'கிரான் டூரிஸ்மோ 2' ஆடக் கிடைத்தது. கசுனோரி யமவுச்சி என்ற ஜப்பானியரின் ஆக்கம். முதல் பாகம் 1997இலும் இரண்டாம் பாகம் 1999இலும் வந்தன. கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, போய் ஒரு கார் வாங்கு என்று விட்டுவிடுவார்கள். அந்தப் பணத்துக்குப் பழைய கார்தான் கிடைக்கும். பந்தயத்துக்குப் போக உரிமம் வேண்டும். அதன் தொடக்கத் தேர்வு நமக்கு இன்றும் நினைவிருக்கிறது. முழு வேகத்தில் புறப்பட்டு, குறித்த கட்டத்துக்குள் காரை நிறுத்திக் காட்ட வேண்டும். கோட்டைத் தாண்டி நின்றால் தோல்வி. எத்தனை முறை தாண்டினோம் என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

அந்த ஆட்டத்தில் பிரேக்குக்குத் தனி விலை உண்டு. ஸ்பிரிங்கின் இறுக்கம், வண்டி தரையிலிருந்து நிற்கும் உயரம், கியர் விகிதம், எடைக் குறைப்பு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விலை. பெரிய டர்போ பொருத்தினால் உச்ச சக்தி கூடும். ஆனால் எஞ்சின் குறைந்த சுழற்சியில் இருக்கும்போது கார் சோம்பி நிற்கும், பிறகு திடீரென்று பாயும். வளைவின் நடுவில் அது பாய்ந்தால் நீங்கள் புல்வெளியில் இருப்பீர்கள். அந்தப் பட்டியலில் சுசூகி ஆல்டோ வொர்க்ஸ் என்ற 660 சிசி வண்டியும் இருந்தது. நம் தெருக்களில் ஓடிய மாருதி 800இன் உறவுக்காரன். ஒரு சின்னக் காரைக் காசு சேர்த்துச் சேர்த்துச் செப்பனிட்டு, அதன் எல்லை எது என்று அறிந்துகொள்வதில் இருந்த இன்பம், நீல விளக்கில் கிடைக்கவில்லை.

நம் துறையில் யதார்த்தவாதம் குறித்து எத்தனையோ சர்ச்சைகள் நடந்திருக்கின்றன. தெருப்பெயர், சாதிப்பெயர், சாப்பாட்டுப் பெயர் எல்லாம் சரியாக இருந்துவிட்டால் நாவல் யதார்த்தமாகிவிடுமா? ஒரு செயல் அதற்குரிய விளைவைக் கொண்டுவருகிறதா என்பதே கேள்வி என்பது நம் தரப்பு. கார் விளையாட்டுக்கும் அதே உரைகல்தான். விளக்கின் வடிவம் அச்சு அசலாக இருப்பது பெயர்ப்பட்டியல். டர்போவுக்கு உரிய தண்டனையை டர்போவே தருவது யதார்த்தம்.

ஆனால் யமவுச்சியின் ஆட்டமும் ஓரிடத்தில் பொய் சொன்னது. 200 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதினால் கார் துள்ளித் திரும்பி, கீறலின்றி ஓடும். தங்கள் பெயர் தாங்கிய கார் நசுங்கிக் கிடப்பதைக் காட்ட உற்பத்தி நிறுவனங்கள் பலவற்றுக்கு மனமில்லை. உண்மைப் பெயருக்குக் கொடுத்த விலை, உண்மையான விபத்து. 2010இல் ஐந்தாம் பாகம் வரும்வரை அந்த வரிசையின் முதன்மைப் பாகங்களில் கார் சிதைவதே இல்லை. மறுபுறம், 2004இல் வந்த 'பர்னவுட் 3' ஆட்டத்தில் கார்கள் அப்பளமாக நொறுங்கின. அவை எந்த நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத கற்பனைக் கார்கள். பெயர் இருந்த இடத்தில் மரணமில்லை, மரணம் இருந்த இடத்தில் பெயரில்லை.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 2005இல் இண்டியானாபோலிசில் நான்காவதாக வந்து, பார்முலா ஒன்றில் புள்ளி பெற்ற முதல் இந்தியரானார். அன்று ஓடியவை ஆறே கார்கள். சாய்தளம் கொண்ட ஒரு வளைவைத் தங்கள் டயர் தாங்காது என்று மிஷெலின் எச்சரித்ததால், அந்த டயர் பூட்டிய பதினான்கு கார்களும் தொடக்கச் சுற்றோடு ஒதுங்கிக்கொண்டன. உலகின் மிகச் சிறந்த எஞ்சின்கள் கொட்டகையில் நிற்க, தரையைப் பிடிக்கும் ரப்பர் பந்தயத்தைத் தீர்மானித்தது. நம் பட்டறைப் பையன்களிடம் இந்தக் கதையைச் சொன்னால் சிரிக்கிறார்கள். டயரில் என்ன சார் கெத்து இருக்கு என்கிறார்கள்.

இதைக் கொண்டு அலங்காரத்துக்கு நாம் எதிரி என்று கொள்ள வேண்டாம். 2017இல் வந்த இந்தோனேசியப் பேருந்து விளையாட்டு ஒன்றை நம்மூர்ப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு, அரசுப் பேருந்தின் வண்ணத்தையும் தனியார் பேருந்துகளின் எழுத்துகளையும் அதில் பூசி ஆடுகிறார்கள். ஜாவாவின் சாலையில் நம் வழித்தடப் பலகை தாங்கிய வண்டி போவதைப் பார்க்கும்போது நமக்குச் சற்று நெகிழ்ச்சியாகவே இருந்தது. வண்ணம் வண்ணமாக இருக்கட்டும். வேகம் தருவதாக அது பொய்க்கணக்குக் காட்டும்போதுதான் குறுக்கிடத் தோன்றுகிறது.

உற்பத்தியாளர் தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றுவது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவை வைத்துத் தெளிவாக்கிவிட்டது. சரி. ஆனால் வேகத்தை முறையாகக் கற்க விரும்பும் காரைக்கால் இளைஞன் எங்கே போவான்? முறையான பந்தயத் தடம், 1990 முதல் இயங்கும் இருங்காட்டுக்கோட்டையில் இருக்கிறது. இங்கிருந்து சற்றேறக் குறைய 300 கி.மீ. அவனுக்குக் கிட்டக்கூடிய ஒரே தடம் கையளவுத் திரைதான். அந்தத் திரையாவது கணக்கை ஒழுங்காகச் சொல்ல வேண்டும் என்று கேட்பது மிகையா?

மருத்துவமனையில் அவரிடம் இதையெல்லாம் பேசினோம். பேச்சு நீண்டுவிட்டது, ஆசிரியர்களுக்கே உரிய நோய். "கேம் ரோட்டுல நெல்லு காயப் போட மாட்டாங்க சார்" என்றார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை. பிறகு தலையணைக்கு அடியிலிருந்து கைப்பேசியை எடுத்துத் தாம் செய்து வைத்திருந்த ஆரஞ்சு நிறக் காரைக் காட்டினார். அழகாகத்தான் இருந்தது. பிரேக்குக்கு எவ்வளவு செலவழித்தீர் என்று கேட்டோம்.

"அதுக்குத் தனியா இல்ல சார். எஞ்சினோட சேர்ந்து ஒரே பேக்கேஜ்."