ஜீப்பா, ஒட்டகமா?

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறையில் இந்தியாவுக்குச் செல்லும் நம் நாட்டுக் குடும்பங்கள் சில, தமிழகக் கோயில்களோடு நின்றுவிடாமல் வடக்கே ராஜஸ்தான் வரை செல்கின்றன. சாலாக் செலாத்தானில் அப்படிச் சென்று வந்தவர்களை நான் அறிவேன். அவர்கள் காட்டும் படங்களில் ஜெய்சல்மேர் நகருக்கு மேற்கே, ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள சம் மணல்மேடுகள் கட்டாயம் இருக்கும். விசாரித்தால், இரவு தங்கும் கூடாரம் வரை ஜீப்பில் போனதாகவும், படம் எடுக்க மட்டும் பத்து நிமிடம் ஒட்டகத்தின்மேல் அமர்ந்ததாகவும் சொல்வார்கள். “வாயில்லா உயிரைத் துன்புறுத்த மனம் வரவில்லை” என்று காரணமும் கூறுவார்கள். நல்ல மனம்தான். ஆனால், அதனால் ஒட்டகத்துக்கு நன்மை விளைகிறதா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

இந்தியாவில் ஒட்டகங்களின் எண்ணிக்கை வேகமாகக் குறைந்து வருகிறது. 2012ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 4 இலட்சமாக இருந்தது, 2019இல் இரண்டரை இலட்சமாகச் சரிந்தது. அவற்றை யாரும் வேட்டையாடவில்லை. அவற்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஏர் உழவும் மூட்டை சுமக்கவும் டிராக்டரும் கனவுந்தும் வந்துவிட்டன. மேய்ச்சல் நிலமும் சுருங்கிவிட்டது. ஒரு காலத்தில் கோலாலம்பூர்த் தெருக்களில் ஓடிய மாட்டுவண்டிகளை எண்ணிப் பாருங்கள். வண்டி போனது, வண்டிக் காளையும் போனது.

ராஜஸ்தான் அரசு சும்மா இருக்கவில்லை. 2014இல் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தது. மறு ஆண்டு, ஒட்டகத்தைக் கொல்வதையும் அனுமதியின்றி வெளிமாநிலங்களுக்குக் கொண்டு செல்வதையும் சட்டத்தால் தடுத்தது. காப்பாற்றும் எண்ணத்தில் வந்த சட்டம்தான். ஆயினும், வாங்குவோர் குறைந்ததால் விலை வீழ்ந்தது. தலைமுறை தலைமுறையாக ஒட்டகம் வளர்த்த ரைக்கா இனத்து இளைஞர்கள் பலர் வேறு தொழில் தேடி நகரங்களுக்குப் போய்விட்டனர். வருமானம் தராத விலங்குக்கு எத்தனை நாள்தான் தீவனம் போட முடியும்? ஒட்டகப் பால் விற்பனை இப்போதுதான் மெல்லத் தலைதூக்குகிறது. எஞ்சியிருக்கும் வருமான வழிகளுள் முக்கியமானது சுற்றுப்பயணிகளின் சவாரி. அதையும் ஜீப் எடுத்துக்கொண்டால் ஒட்டகக்காரருக்கு என்ன மிஞ்சும்?

பயணம் மெதுவானதுதான். ஒட்டகம் மணிக்கு 4 அல்லது 5 கிலோமீட்டர் நடக்கும். சாலாக் செலாத்தானிலிருந்து பண்டார் தாசேக் செலாத்தானுக்குக் கொமுட்டரில் ஒரே நிறுத்தம். ஒட்டகத்தில் போனால் அரை மணி நேரமாவது ஆகும். அது எழும்போது பின்னங்கால்களைத்தான் முதலில் நிமிர்த்தும். பின்னால் சாய்ந்து பிடித்துக்கொள்ளாவிட்டால் முன்னே சரிய வேண்டியதுதான்! ஆனால், மணலில் பதிந்த வண்டின் தடத்தையும் காற்று வரைந்த வரிகளையும் அந்த வேகத்தில்தான் பார்க்க முடியும். நாம் இலக்கியத்தில் படிக்கும் பாலைத்திணை இதுவன்று. அது வெயிலில் வறண்டுபோன முல்லையும் குறிஞ்சியும். இருப்பினும் ஒட்டகம் தமிழருக்குப் புதிதன்று. தொல்காப்பியமே அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

எல்லாச் சவாரியும் நல்ல சவாரி என்று நான் வாதிடவில்லை. ஒட்டகத்தின் மூக்கில் துளையிட்டு, சிறு கட்டையைச் செருகி, அதில் கயிறு கட்டித்தான் ஓட்டுகிறார்கள். கயிற்றை வெடுக்கென்று இழுப்பவரிடம் ஏறாதீர்கள். சேணத்துக்கு அடியில் புண் இருந்தாலும், கால் நொண்டினாலும் மறுத்துவிடுங்கள். ஓர் ஒட்டகத்துக்கு ஒருவர் போதும். ஒட்டகம் ஓட்டுபவருக்குச் சொந்தமானதா, நாம் கொடுக்கும் பணம் அவர் கைக்குப் போகிறதா என்றும் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

கூடாரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் ஒரு கேள்வி உண்டு: இரவில் ஒலிபெருக்கி வைப்பார்களா? அந்த வட்டாரத்தில்தான், அழிவின் விளிம்பில் உள்ள கானமயில் பறவைகள் வாழும் பாலைவனத் தேசியப் பூங்கா இருக்கிறது. பாட்டும் கூத்தும் வேண்டுமென்றால் அதற்குக் கோலாலம்பூரே போதும். ஒலிபெருக்கி இல்லாத கூடாரத்தில் படுத்தால், பக்கத்தில் மண்டியிட்டிருக்கும் ஒட்டகம் அசைபோடும் ஓசை கேட்கும். டிசம்பர் இரவுகளில் அங்கே வெப்பநிலை 10 பாகை செல்சியசுக்கும் கீழே இறங்குவதுண்டு. நம் ஊர் மெல்லிய சட்டையை நம்பிப் போகாதீர்கள்.