பத்து விழுக்காடு எண்ணெயும் ஐந்து விழுக்காடு வரியும்

2025 பிப்ரவரி மாத ‘மனதின் குரல்’ உரையில், சமையல் எண்ணெய்ப் பயன்பாட்டைப் பத்து விழுக்காடு குறைத்துக்கொள்ளுமாறு பிரதமர் நரேந்திர மோடி நாட்டு மக்களைக் கேட்டுக்கொண்டார். உடல் பருமனுக்கு எதிரான போராட்டம் என்று அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. ஆகஸ்ட் 15 அன்று செங்கோட்டையிலிருந்தும் அதே அறிவுரை ஒலித்தது. ஐந்து வாரங்கள் கழிந்தன. செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், சாக்லேட், ஐஸ்கிரீம், உடனடி நூடுல்ஸ், பொட்டல நொறுக்குத்தீனி ஆகியவற்றின் மீதான ஜிஎஸ்டி 12, 18 விழுக்காடுகளிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. வீட்டு அடுப்படிக்கு உபதேசம், பொட்டல உணவு ஆலைக்குச் சலுகை. ஒன்றிய அரசின் பருமன் ஒழிப்புக் கொள்கை இந்த இரண்டு அறிவிப்புகளுக்குள் அடங்கிவிடுகிறது.

பிரச்சனை கற்பனையானது அன்று. 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியப் பெண்களில் 24 விழுக்காட்டினரும் ஆண்களில் 22.9 விழுக்காட்டினரும் அளவுக்கு மீறிய எடையுடன் உள்ளனர். முந்தைய ஆய்வில் இது முறையே 20.6, 18.9 விழுக்காடாக இருந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவுடன் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேர் நீரிழிவு நோயுடன் வாழ்வதாக மதிப்பிட்டது.

பட்டினியும் பருமனும் ஒரே வீட்டில்

பட்டினி தீராத நாட்டில் பருமன் பற்றிப் பேசுவது பணக்காரர்களின் கவலை என்ற எண்ணம் இடதுசாரி வட்டாரங்களிலும் உண்டு. வசதி படைத்தோரிடையே எடை மிகுதி அதிகம் என்பது இன்றும் உண்மையே. ஆனால் அத்துடன் இப்பிரச்சனையைக் கைவிடுவது தவறாகும். அதே குடும்ப நல ஆய்வில்தான் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினர் இரத்தசோகையுடன் இருப்பதும், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பதும் பதிவாகியுள்ளன. கருவிலும் மழலைப் பருவத்திலும் ஊட்டமின்றி வளர்ந்த உடல், பிற்காலத்தில் மலிவான மாவுச்சத்தையும் கொழுப்பையும் எதிர்கொள்ளும்போது நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் எளிதில் இரையாகிறது என்பது மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட செய்தி. சத்தற்ற தட்டு ஒருவரை மெலியவும் வைக்கும், பருக்கவும் வைக்கும். பட்டினியும் பருமனும் எதிரெதிர்த் துருவங்கள் அல்ல; ஒரே உணவு அமைப்பு பெற்றெடுத்த இரட்டைப் பிள்ளைகள்.

1845இல் வெளியான ‘இங்கிலாந்தில் தொழிலாளி வர்க்கத்தின் நிலை’ நூலில் பிரெடரிக் ஏங்கெல்ஸ் இதைக் கவனித்தார். சனிக்கிழமை மாலை கூலி பெற்றுக்கொண்டு தொழிலாளி சந்தைக்கு வந்து சேர்வதற்குள் நல்ல பொருட்கள் விற்றுத் தீர்ந்திருக்கும். வாடிய காய்கறியும் கெட்ட இறைச்சியுமே அவருக்கு எஞ்சியிருக்கும். அதைத் தொழிலாளியின் ‘உணவுத் தேர்வு’ என்று எவரும் அழைக்க முடியாது. எது, எந்த விலைக்கு, எந்த நேரத்தில் கிடைக்கிறது என்பதே அவரது தட்டைத் தீர்மானித்தது. இன்றும் அதுவே தீர்மானிக்கிறது. பன்னிரண்டு மணி நேர வேலை முடித்து, இரண்டு பேருந்து மாறி வீடு திரும்பும் ஆடைத் தொழிலாளிக்குக் கீரை ஆய்ந்து பருப்பு வேகவைக்க நேரம் ஏது? 2025இல் ஆந்திரா, குஜராத், மகாராஷ்டிரா மாநில அரசுகள் தொழிற்சாலைகளின் தினசரி வேலை நேர வரம்பை உயர்த்த முடிவு செய்தன. உடற்பயிற்சி செய்யச் சொல்லும் அதே அரசியல் தலைமைதான், அதற்கான மணி நேரங்களைத் தொழிலாளியிடமிருந்து பறிக்கிறது.

‘தனிமனிதப் பொறுப்பு’ யாருடைய முழக்கம்?

எல்லாம் தனிநபரின் கட்டுப்பாட்டில்தான் உள்ளது என்ற வாதத்திற்குப் பின்னால் பணமும் உண்டு. சர்க்கரைக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பைக் குறைத்துக் காட்டும் ஆய்வுக் கட்டுரைக்காக 1960களில் அமெரிக்கச் சர்க்கரைத் தொழில் அமைப்பு ஹார்வர்டு ஆய்வாளர்களுக்குப் பணம் கொடுத்தது 2016இல் அம்பலமானது. குளிர்பானங்களைவிட உடலுழைப்புக் குறைவே பருமனுக்கு முக்கியக் காரணம் என்ற கருத்தைப் பரப்பிய விஞ்ஞானிகள் அமைப்பு ஒன்றுக்கு கோகோ கோலா நிறுவனம் நிதியளித்தது 2015இல் வெளிவந்தது. அவ்வாண்டு முடிவதற்குள் அந்த அமைப்பு கலைக்கப்பட்டது. ‘ஓடு, நட, குறைத்து உண்’ என்ற அறிவுரையில் பிழை ஏதுமில்லை. ஆனால் அது மட்டுமே கொள்கையாகும்போது, விற்பவரும் விளம்பரம் செய்பவரும் விசாரணையிலிருந்து தப்பிவிடுகின்றனர்.

இந்தியாவில் இதற்கான சான்று, பொட்டலத்தின் முகப்பிலேயே இருக்கிறது. அதாவது, அங்கே எச்சரிக்கை எதுவும் இல்லை. 2022 செப்டம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் ஒரு வரைவை வெளியிட்டது. அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை வழங்கும் அந்த முறையில், நார்ச்சத்தோ புரதமோ சேர்த்துவிட்டால் சர்க்கரைக்கும் உப்புக்குமான மதிப்பெண் இழப்பை ஈடுகட்ட முடியும். அதையும் முதல் நான்கு ஆண்டுகள் விரும்பினால் பின்பற்றலாம் என்று நிறுவனங்களுக்குச் சலுகை தரப்பட்டது. வரைவின் மீது சுமார் 14,000 கருத்துகள் குவிந்தன. முடிவு மட்டும் வரவில்லை. மூன்று மாதங்களில் பரிந்துரைகளை இறுதி செய்யுமாறு 2025 ஏப்ரலில் உச்சநீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. அதற்கிடையில் நலவாழ்வு அமைச்சகம், எண்ணெயும் சர்க்கரையும் எவ்வளவு என்று அறிவிக்கும் பலகைகளை அலுவலகங்களில் வைக்கச் சொன்னது. பொட்டலத்தில் எழுத வேண்டியதைச் சுவரில் எழுதுவதற்குப் பெயர் விழிப்புணர்வு.

சிலி நாடு இதைச் சட்டத்தால் செய்தது. 2016 முதல், சர்க்கரை, உப்பு, நிறைவுற்ற கொழுப்பு, கலோரி ஆகியவை வரம்பை மீறும் பொட்டலங்களில் கறுப்பு எண்கோண முத்திரை கட்டாயமானது. அத்தகைய பொருட்களைப் பள்ளிகளில் விற்கவும், கேலிச்சித்திரப் பாத்திரங்களைக் காட்டிக் குழந்தைகளை ஈர்க்கவும் தடை வந்தது. சட்டத்தின் முதல் கட்டத்திலேயே சர்க்கரை மிகுந்த பானங்களின் கொள்முதல் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்ததாக ஆய்வுகள் காட்டின. சிலி மக்களுக்குத் திடீரென மன உறுதி கூடிவிடவில்லை. அரசு தன் பொறுப்பை ஏற்றது. மக்கள் தம் பொறுப்பை நிறைவேற்றுவது எளிதாயிற்று.

வரி மட்டும் போதாது

குளிர்பானங்களுக்கு இந்தியாவில் 40 விழுக்காடு வரி உண்டு. பிற பொட்டல உணவுகளுக்கும் வரியை உயர்த்தினால் போதும் என்று கருதுவோர் உள்ளனர். நல்ல உணவு எட்டாக்கனியாக இருக்கும்போது கெட்ட உணவின் விலையை மட்டும் உயர்த்துவது ஏழையின் மீது மற்றொரு சுமையாகவே முடியும். ஐந்து ரூபாய் பிஸ்கட்டுக்கு மாற்றாக ஒரு முட்டையோ, ஒரு கைப்பிடிச் சுண்டலோ அதே குழந்தைக்குக் கிடைக்க வேண்டும். திரட்டப்படும் வரி அதற்கே செலவிடப்பட வேண்டும்.

ஆனால் நடப்பது என்ன? பள்ளி மதிய உணவில் தொடக்கப்பள்ளிக் குழந்தை ஒருவருக்குப் பருப்பு, காய்கறி, எண்ணெய், மசாலா, எரிபொருள் அனைத்துக்குமாக 2025 மே முதல் நிர்ணயிக்கப்பட்ட தொகை நாளொன்றுக்கு ரூ.6.78. சமையல் ஊழியர்களுக்கு 2009இல் நிர்ணயிக்கப்பட்ட மாத மதிப்பூதியமான ஆயிரம் ரூபாயை ஒன்றிய அரசு உயர்த்தவேயில்லை. மகாராஷ்டிராவின் பாஜக கூட்டணி அரசு 2025 ஜனவரியில் மதிய உணவில் முட்டைக்கான நிதியை நிறுத்தியது. மத்தியப் பிரதேசத்தில் 2015இலேயே அங்கன்வாடிகளுக்கு முட்டை மறுக்கப்பட்டது. உணவுத் தேர்வு தனிமனித உரிமை என்போர், ஏழைக் குழந்தையின் தட்டிலிருந்து முட்டையை எடுக்கும்போது அவ்வுரிமையை மறந்துவிடுகின்றனர்.

உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஐந்து கிலோ தானியத்தோடு நின்றுவிடுகிறது. இந்தியர்களின் உணவு ஆற்றலில் சுமார் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்கிறது அண்மைய ஆய்வு. ரேஷன் அரிசியால்தான் பருமன் வளர்கிறது என்று சொல்லிப் பொது விநியோகத்தை வெட்ட முனைவோருக்கு இந்த எண் ஆயுதமாகிவிடக் கூடாது. அரிசி பட்டினியை விரட்டியது. அதன் அருகில் பருப்பு வராததே குறை. தமிழ்நாட்டின் ரேஷன் கடைகளில் துவரம் பருப்பு மானிய விலையில் கிடைப்பது இதற்கு முன்னுதாரணம். எனினும் அங்கேயே பெண்களில் 40.4 விழுக்காட்டினர் எடை மிகுந்தோர் என்பது, மாதம் ஒரு கிலோ பருப்புடன் பணி முடிந்துவிடாது என்பதையும் உணர்த்துகிறது.

ஆகவே கோரிக்கைகள் தெளிவானவை. பொட்டலங்களின் முகப்பில், மாநில மொழிகளில், கட்டாய எச்சரிக்கை முத்திரை வேண்டும். குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரங்கள் தடை செய்யப்பட வேண்டும். பள்ளியிலும் அதன் 50 மீட்டர் சுற்றளவிலும் இத்தகைய தீனிகளை விற்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வர வேண்டும். பருப்பு, சிறுதானியம், நல்லெண்ணெய், கடலை எண்ணெய் போன்றவை ரேஷனில் வேண்டும். மதிய உணவிலும் அங்கன்வாடியிலும் முட்டையும், சமைப்பவருக்கு உரிய ஊதியமும் வேண்டும். எட்டு மணி நேர வேலைநாள் காக்கப்பட வேண்டும்.

தொழிற்சங்கங்கள், மாதர் அமைப்புகள், வாலிபர் சங்கங்கள் ஆகியவை இவற்றைத் தத்தம் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்துக்கொள்வது அவசியம். தன் உடலைப் பேணுவது ஒவ்வொருவரின் கடமைதான். அக்கடமையைச் செய்வதற்கான கூலியையும் நேரத்தையும் உணவையும் உறுதி செய்வது அரசின் கடமை. இரண்டாவதைச் செய்யாத அரசுக்கு முதலாவதைப் பற்றி உபதேசிக்கும் தகுதி இல்லை.