பாதி பாட்டை ஜெயித்தவனும் பணம் இழக்கிறான்

போக்கர் திறமை ஆட்டம்தான் என்று நிறுவ அவிநாசி நண்பர் ஒருவர் எழுதிய நீண்ட கட்டுரையைப் படித்தேன். ஏழு சீட்டு ஸ்டட் என்ற போக்கர் வகையில், நடுவில் சேரும் பந்தயப் பணத்தை, அதாவது பாட்டை, பெரிய கைக்கும் சிறிய கைக்கும் பாதி பாதியாகப் பிரிக்கும் ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, ஆரம்பப் பணத்தைத் திருட வருபவனைத் தடுப்பது எப்படி என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார். இவ்வளவு கணக்கு உள்ள ஆட்டம் சூதாகாதாம்; ஆகவே ஆன்லைன் பண ஆட்டங்களுக்கு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் கொண்டுவந்த தடை அநியாயமாம்; தோற்றவர்கள் கற்றுக்கொள்ளச் சோம்பல்பட்டவர்களாம். கணக்கு அரைகுறை, முடிவு அபத்தம். தோற்றவர்களைப் பற்றிச் சொன்னதோ இந்த ஊரில் குடியிருந்துகொண்டு யாரும் எழுதக் கூடாதது.

ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு ஏழு சீட்டு. முதல் இரண்டு கவிழ்த்து, மூன்றாவது திறந்து. அடுத்த மூன்றும் திறந்தே வரும், ஏழாவது மறுபடி கவிழ்த்து. கடைசியில் சிறந்த பெரிய கைக்குப் பாதி. எட்டுக்குள் ஜோடி விழாமல் ஐந்து சீட்டுச் சேர்த்தவர்களில் ஆகச் சிறிய கைக்கு மறுபாதி. அப்படி யாருக்கும் சேராவிட்டால் பெரிய கையே மொத்தத்தையும் அள்ளும். ஏஸ் இரண்டு பக்கமும் செல்லும். அதனால் அதைத் திறந்து வைத்திருப்பவனைக் கண்டு மேசையே பயப்படும்.

நண்பர் கணக்குக்கே வருவோம். எட்டுப் பேர், ஆளுக்கு 10 ரூபாய் ஆரம்பப் பணம், மொத்தம் 80. ஆகச் சிறிய சீட்டு திறந்தவர் கட்டாயமாக 30 வைக்க வேண்டும். மற்றவர்கள் ஒதுங்கிவிட, ஏஸ் திறந்த ஒருவர் 100 என்று ஏற்றுகிறார். உள்ளே இரண்டும் குப்பையாக இருக்கலாம். 110 ரூபாயைத் தூக்க 100 ரூபாயை வைக்கிறார். நூற்றுக்கு 48 தடவை எதிராளி ஒதுங்கினாலே அவருக்கு லாபம். 30 வைத்தவர் இன்னும் 70 போட்டால், நடுவில் கிடக்கும் 210-க்கு மோதலாம். மூன்றுக்கு ஒன்று. ஏற்றியதும் சீட்டைப் போட்டுவிட்டு ஒதுங்குவதே வழக்கமாகிவிட்டால் கைப்பணம் மெல்லக் கரைந்துபோகும் என்று நண்பர் சொல்வது சரி. தடுக்கத்தான் வேண்டும்.

பிழை அடுத்த வரியில் இருக்கிறது. மூன்றுக்கு ஒன்று கிடைப்பதால், எட்டுக்குள் மூன்று சீட்டு இருந்தால் எதை வைத்தும் நிற்கலாம் என்கிறார். இரண்டு, ஏழு, எட்டு என்று வைத்துக்கொண்டு ஏஸுக்கு எதிரில் நிற்பவன் எதை எதிர்பார்த்து நிற்கிறான்? சிறிய கைக்குரிய பாதியை. அவன் 70 போட்டதும் பாட் 280 ஆகிறது. அதில் அவனுக்கு வருவது 140. போட்ட 70-க்கு மேல் இன்னொரு 70, அவ்வளவுதான். மூன்றுக்கு ஒன்று எங்கே போயிற்று? அதுவும் எட்டில் முடிகிற கை. ஏஸ் வைத்தவனுக்கு ஆறிலோ ஏழிலோ முடிகிற கை அமைந்துவிட்டால் அந்தப் பாதியும் கிடையாது. எதிரில் திறந்திருப்பது கிங் என்றால் விஷயம் வேறு. அவன் மீதி ஆறு சீட்டில் ஐந்தைச் சிறியதாகச் சேர்த்தால்தான் சிறிய கை அமையும். தைரியமாக எதிர்த்து நிற்கலாம். ஒதுங்கியவர்கள் திறந்து காட்டிவிட்டுப் போன மூன்றுகளும் நான்குகளும் எத்தனை என்று நினைவில் வைத்திருக்க வேண்டும். நமக்கு வேண்டிய சீட்டு செத்துப்போன பிறகு துரத்துவது வீண். இந்த ஆட்டத்தில் தடுப்பு என்பதே இந்த இரண்டும்தான். இரண்டையும் விட்டுவிட்டு ஊருக்குப் பாடம் எடுக்க வந்திருக்கிறார் நண்பர்.

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. அவர் கட்டுரை முழுக்கத் தேடினேன், மேசைக் கமிஷனைப் பற்றி ஒரு சொல் இல்லை. போக்கர் நடத்துபவர் ஒவ்வொரு பாட்டிலிருந்தும் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறார். 5 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மேலே சொன்ன இருவரும் கடைசிவரை நிற்கிறார்கள். நான்காவது சீட்டில் ஆளுக்கு 100, ஐந்து, ஆறு, ஏழில் ஆளுக்கு 200 வீதம். ஆரம்பப் பணத்தோடு சேர்த்து ஆளுக்கு 810 போட்டாயிற்று. ஒதுங்கிய ஆறு பேரின் 60-ஐயும் சேர்த்தால் பாட் 1,680. ஒருவருக்குப் பெரிய கை, மற்றவருக்குச் சிறிய கை. கமிஷன் இல்லாவிட்டால் ஆளுக்கு 840, அதாவது 30 ரூபாய் லாபம். கமிஷன் 84 ரூபாய் போனால் மிச்சம் 1,596, ஆளுக்கு 798. 810 போட்டவர் 798-ஐ எடுத்துக்கொண்டு எழுகிறார். திருட வந்தவனுக்கும் 12 ரூபாய் நஷ்டம், தடுத்தவனுக்கும் 12 ரூபாய் நஷ்டம். திரையில் இரண்டு பேருக்கும் வெற்றி என்று மின்னும்.

பெரிய பந்தய மேசைகளில் கமிஷனுக்கு உச்சவரம்பு வைப்பார்கள். சின்னப் பணத்துக்கு ஆடுபவனிடம்தான் அது முழுசாகப் பிடிக்கப்படும். 2023 அக்டோபர் 1 முதல் உள்ளே போட்ட பணத்தின் முழு மதிப்புக்கும் 28 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

எல்லோரும் கற்றுக்கொள்ளட்டும் என்கிறார் நண்பர். கற்றுக்கொண்டார்கள் என்றே வைப்போம். எட்டுப் பேரும் சம திறமையோடு மாதக்கணக்கில் உட்கார்ந்தால், கமிஷன் போகப் போக எட்டுப் பேரும் இழப்பார்கள். ஒருவன் சம்பாதிக்க வேண்டுமானால், கமிஷனையும் மீறி அவனுக்குக் கொடுக்கிற அளவுக்குத் தெரியாதவர்கள் தொடர்ந்து வந்து உட்கார வேண்டும். திறமை இருப்பது உண்மை. அந்தத் திறமைக்குச் சம்பளம் கொடுப்பவன் புதிதாக வருபவன்.

அவன் யார் என்று எனக்குத் தெரியும், நண்பருக்கும் தெரியும். சனிக்கிழமை பனியன் கம்பெனியில் சம்பளம் போடுவார்கள். ஒன்றரை ஷிப்ட் ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்து எழுந்த பையன், கண் எரிச்சலோடு சேவூர் ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஃபோனைத் திறந்தான். அவன் கையில் இருந்தது ஸ்டட்டும் இல்லை, பெரும்பாலும் ரம்மி அல்லது டெக்சாஸ் ஹோல்டம். இங்கே அபூர்வமான ஓர் ஆட்டத்தைக் கொண்டுவந்து காட்டி, அதன் கணக்கை வைத்து அவன் ஆடியதற்கு நற்சான்று வழங்குகிறார் நண்பர். எதிரில் உட்கார்ந்திருந்தவன் ஒரே நேரத்தில் நாலைந்து மேசையில் ஆடியவனாக இருந்திருக்கலாம். யார் எத்தனை தடவை ஒதுங்குகிறார்கள் என்று மென்பொருள் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம். பத்து, பன்னிரண்டு மணி நேரம் துணி தைத்தவனைப் பார்த்துச் சோம்பேறி என்று எழுத எப்படி மனம் வந்தது? தறியும் தையலும் சோறு போடும் ஊர் இது. உழைத்துக் களைத்தவனிடம்தான் இந்த மேசைகள் பணம் பறித்தன, சோம்பேறியிடம் பறிக்கச் சம்பளம் ஏது?

சட்டத்துக்கு வருகிறேன். ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் சொன்னதை நண்பர் வேதவாக்காகக் காட்டுகிறார். ஆந்திர அரசுக்கும் சத்தியநாராயணாவுக்கும் இடையிலான வழக்கு அது; செகந்திராபாத் கிளப் ஒன்றில் ரம்மி ஆடியதைப் பற்றியது. சீட்டு விழுவதை நினைவில் வைத்து ஆட வேண்டும் என்பதால் ரம்மி திறமை ஆட்டம் என்றார்கள். உறுப்பினரிடம் வசதிகளுக்காக வாங்கிய சிறு கட்டணத்தை லாபமாக எடுத்துக்கொள்ளவில்லை. இவ்வளவுதான் நண்பர் சொல்வது. அதே தீர்ப்பு, பந்தயம் வைத்து ஆடும் ஆட்டத்திலிருந்து கிளப்போ இடத்துக்காரரோ லாபம் எடுப்பதற்குச் சான்று இருந்தால் குற்றம் நிலைக்கலாம் என்றும் சொல்கிறது. இந்த வாக்கியத்தை அவர் மறைத்துவிட்டார். பாட்டுக்குப் பாட் பங்கு எடுப்பவர்களுக்கு வக்காலத்து வாங்க வந்தவர் மறைக்காமல் எப்படி எழுத முடியும்?

2023 நவம்பர் 9-இல் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் தமிழ்நாட்டின் ஆன்லைன் ஆட்டச் சட்டத்தின் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது உண்மை. நண்பர் அதோடு நிறுத்திக்கொள்கிறார். அதிர்ஷ்ட ஆட்டங்களைத் தடுக்கவும் ஆன்லைன் ஆட்டங்களை ஒழுங்குபடுத்தவும் மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று அந்தத் தீர்ப்பு சட்டத்தைக் காப்பாற்றியதைச் சொல்லவில்லை. நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை பண ஆட்டம் கூடாது, ஆதார் சரிபார்ப்பு வேண்டும் என்ற விதிகளைக் கம்பெனிகள் எதிர்த்தபோது, 2025 ஜூன் 3-இல் அதே நீதிமன்றம் விதிகள் செல்லும் என்றதும் கட்டுரையில் இல்லை.

ஆடுபவர்களைக் குற்றவாளிகளாக்கிவிட்டார்கள் என்று அழுகிறார். பொய். 2025 மத்தியச் சட்டம் ஆடுபவனைத் தண்டிக்கவில்லை. பண ஆட்டம் நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். திறமையா அதிர்ஷ்டமா என்று அது பார்ப்பதும் இல்லை. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன, அங்கே தீரட்டும். ஆனால் நம் சுற்றுவட்டாரத்தில் தென்னந்தோப்பில் பணம் வைத்துச் சீட்டாடியவர்களை 1930-ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டத்தில் போலீஸ் பிடித்து, சீட்டுக்கட்டையும் சில்லறையையும் பறிமுதல் செய்தபோதெல்லாம் நண்பர் ஒரு வரி எழுதியதில்லை. கம்பெனிகளுக்குத் தடை வந்த பிறகுதான் அவருக்கு ஆடுபவனின் உரிமை ஞாபகம் வந்திருக்கிறது.

தடை போட்டால் வெளிநாட்டுத் தளங்களுக்குப் போவார்கள் என்பது அவருடைய கடைசி வாதம். போகிறவர்கள் உண்டு. அங்கே பணம் திரும்பாவிட்டால் புகார் கொடுக்க முகவரி கிடையாது, எதிரில் இருப்பது ஆளா நிரலா என்று கேட்கவும் வழியில்லை. அந்தத் தளங்களை முடக்குவதும் பணம் போகும் வழியை அடைப்பதும் அரசின் வேலை; செய்யாவிட்டால் அரசைத் திட்டலாம், நானும் சேர்ந்து திட்டுகிறேன். அவை இருக்கின்றன என்பதற்காக உள்ளூர் மேசையை மறுபடி விரிக்கச் சொல்வதை ஏற்க முடியாது. ஏஸுக்கு எதிராக இரண்டு-ஏழு-எட்டை வைத்து நிற்கலாம் என்ற அவருடைய யோசனையை நம்பி எந்தப் பையனும் சம்பளப் பணத்தைப் போட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவும் எழுதினேன்.