வாய் உலர்கிறதா? மாத்திரையை நிறுத்தாதீர்கள்

புனேயின் தெற்கே உள்ள கோந்த்வாவில் ரம்ஜான் மாத மாலைகளில் கௌசர் பாக் பகுதி களைகட்டிவிடும். நோன்பு திறக்கும் நேரம் நெருங்கும்போது எல்லோருக்கும்தான் நாக்கு வறண்டிருக்கும். கூட்டத்தில் ஒருவர் மனச்சோர்வுக்குப் பழைய ரக மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால் அவர் பாடு இன்னும் திண்டாட்டம். நோன்போடு மாத்திரையும் சேர்ந்து வாயை உலர்த்தியிருக்கும். காரணம் தெரியாதவர் செய்யும் முதல் காரியம், மாத்திரையை நிறுத்துவது. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

பழைய ரகம் என்றால் இமிப்ரமின், அமிட்ரிப்டிலின் போன்றவை. மூன்று வளையங்கள் கொண்ட ரசாயன அமைப்பால் இவற்றுக்கு டிரைசைக்ளிக் என்று பெயர். 1950-களின் நடுவில் சுவிட்சர்லாந்தின் மனநல மருத்துவர் ரோலண்ட் குன், கெய்கி நிறுவனம் கொடுத்த ஒரு மருந்தை மனச்சிதைவு நோயாளிகளிடம் சோதித்தார். அவர்களுக்குப் பயன்படாத மருந்து மனச்சோர்வு நோயாளிகளைத் தேற்றியது. அதுதான் இமிப்ரமின். 1987 இறுதியில் அமெரிக்காவில் ஃபுளூக்செட்டின் அனுமதி பெற்ற பிறகு புதியவை முன்னுக்கு வந்தன. ஆனாலும் பழையவை ஓய்வு பெறவில்லை. உலக சுகாதார நிறுவனம் 1977-இல் வெளியிட்ட முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே அமிட்ரிப்டிலின் இடம்பெற்றது. விலையும் குறைவு. ஒற்றைத் தலைவலிக்கும், சர்க்கரை நோயால் வரும் கால் எரிச்சலுக்கும் டாக்டர்கள் இதைச் சிறிய அளவில் எழுதுகிறார்கள். (கால் எரிச்சலுக்கு வாங்கியவர், அட்டையைப் படித்துவிட்டு 'எனக்கென்ன பைத்தியமா?' என்று கொதிப்பதும் உண்டு.)

சிக்கல் காலக்கணக்கில் இருக்கிறது. பக்கவிளைவு முதல் நாளே வந்துவிடும். மனம் தேறுவதற்கு இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். வாய் உலர்ந்து, மலம் கட்டி, தூக்கம் அமுக்க, மனபாரமும் குறையாத அந்த இடைப்பட்ட நாட்களில்தான் பலர் மருந்தைக் கைவிடுகிறார்கள். இதை முன்கூட்டியே சொல்லாத டாக்டர் பாதி வைத்தியம்தான் செய்திருக்கிறார்.

உமிழ்நீர், குடல் அசைவு, சிறுநீர்ப்பை, கிட்டப் பொருளைப் பார்க்கக் கண் குவிவது ஆகிய எல்லாவற்றையும் இயக்கும் அசிட்டில்கோலின் என்ற பொருளின் வேலையை இம்மாத்திரைகள் தடுக்கின்றன. உடம்பு பழகப் பழகச் சில தொல்லைகள் குறையும். அதுவரை அடிக்கடி ஒரு மிடறு தண்ணீர், அல்லது சர்க்கரை சேர்க்காத சூயிங்கம். மிட்டாய் வேண்டாம், உமிழ்நீர் குறைந்த வாயில் பல் சீக்கிரம் சொத்தையாகும். மலச்சிக்கலுக்குக் கீரை, பழம், போதிய தண்ணீரோடு இசப்கோல். பகல் தூக்கத்துக்கு எளிய வழி, டாக்டரிடம் கேட்டு மருந்தை இரவுக்கு மாற்றுவது. நோன்பிருப்பவருக்கும் அது தோதானதே. ஆனால் ரம்ஜான் பிறக்கும் முன்பே அவரிடம் பேசிவிட வேண்டும். இம்மருந்து வியர்வையையும் குறைக்கக்கூடும் என்பதால் கோடை நோன்பில் வெயிலில் அலைவது நல்லதல்ல.

முதியவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் தேவை. படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றும். இரவில் கழிவறைக்குப் போகிறவர் கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுந்தால் இடுப்பெலும்பு தப்பும். சிறுநீர் அடியோடு நின்றுபோவது, கண் சிவந்து வலிப்பது, மயங்கி விழுவது, நெஞ்சு தாறுமாறாகப் படபடப்பது, பேச்சு குழம்புவது ஆகியவை காத்திருக்கக் கூடாதவை. உடனே ஆஸ்பத்திரிதான். புராஸ்டேட் வீக்கம், கண் அழுத்தம், இதய நோய் இருந்தால் முதல் மாத்திரைக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

ஜலதோஷத்துக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் பலவும் இதே வாய் உலர்வையும் தூக்கத்தையும் கூட்டும். மதுவும் அப்படியே. இன்னொரு பழைய ரகமான எம்.ஏ.ஓ. தடுப்பு மருந்துகளின் கதை இன்னும் விசித்திரமானது. 1960-களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஒரு மருந்தாளர், அம்மருந்து சாப்பிட்ட தன் மனைவிக்குப் பாலாடைக்கட்டி தின்றதும் கடும் தலைவலி வருவதைக் கவனித்து எழுதினார். பாரி பிளாக்வெல் என்ற டாக்டர் அதைத் துருவிப் பார்த்து 1963-இல் உறுதிப்படுத்தினார். முதலில் கண்டுபிடித்தது, கூடச் சாப்பிட உட்கார்ந்த கணவர்.

வீட்டாருக்கு இன்னொரு வேலையும் உண்டு. டிரைசைக்ளிக் மாத்திரைகள் அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும், உயிருக்கே ஆபத்து. மனம் சோர்ந்தவரிடம் முழு அட்டையைக் கொடுத்து வைக்காமல், வேறொருவர் பூட்டி வைத்து அன்றன்றைக்கு எடுத்துக் கொடுப்பது நல்லது. முதல் சில வாரங்களில், குறிப்பாக இளைஞர்களிடம், பதற்றமோ சாவு பற்றிய பேச்சோ கூடினால் அன்றே டாக்டரிடம் அழைத்துப் போக வேண்டும். திடீரென நிறுத்தினால் குமட்டல், தூக்கமின்மை, வியர்வை, எரிச்சல் வரும். எனவே நிறுத்துவதும் டாக்டர் சொல்படி, படிப்படியாகத்தான். நள்ளிரவில் யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்தால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் சேவையின் எண் 14416. தமிழிலும் பேசலாம்.