திரும்புவதும் வீரம்தான்!



மலை உச்சிக்கு இன்னும் அரை மணி நேர நடைதான். திடீரென மேகம் சூழ்கிறது. பத்தடி தூரத்தில் இருப்பது கூடத் தெரியவில்லை. என்ன செய்வீர்கள்?

'இவ்வளவு தூரம் வந்தாச்சு... ஏறிடலாம்!' என்றுதானே சொல்வீர்கள்?

நார்வே நாட்டில், 'திரும்பிவிடு' என்று சொல்லித் தருகின்றனர்.

அங்குள்ள கால்ஹோபிகன் சிகரத்தின் உயரம், 2469 மீட்டர். ஸ்காண்டிநேவியாவிலேயே உயர்ந்த சிகரம் இதுதான். 1850ல் முதன்முதலில் இதில் ஏறிய மூவரில் ஒருவர், உள்ளூர்ப் பள்ளி ஆசிரியர். அதில் எனக்குத் தனிப் பெருமை!

உச்சிக்குப் போகும் வழிகளில் ஒன்று, பனியாற்றைக் கடந்து செல்கிறது. பார்வைக்கு வெறும் வெள்ளைத் தரை. ஆனால், பனிக்கு அடியில் ஆழமான வெடிப்புகள் ஒளிந்திருக்கும். அதனால், எல்லாரையும் ஒரே கயிற்றில் பிணைத்து, வழிகாட்டி முன்னே நடப்பார். ஒருவர் சறுக்கி விழுந்தால், மற்றவர்கள் இழுத்துப் பிடித்துக் கொள்வர். அங்கே, 'நான் முந்தி, நீ பிந்தி' என்ற பேச்சுக்கே இடமில்லை.

நார்வேயில் மலைக்குப் போகிறவர்களுக்கென்று ஒன்பது விதிகள் உண்டு. 1967ல், ஈஸ்டர் விடுமுறையில் மலைகளுக்குச் சென்ற 18 பேர் இறந்தனர். அதன்பின், இந்த விதிகளை நாடெங்கும் பரப்பினர். அவற்றில் ஒன்று: நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கமில்லை.

ஏன் தெரியுமா? உச்சி என்பது பாதி வழிதான். இறங்கி வரவும் உடம்பில் தெம்பு வேண்டும், வெளிச்சம் வேண்டும். மலை எங்கேயும் ஓடிவிடாது. நாளைக்கும் அங்கேயே இருக்கும். ஏற, நாம் இருக்க வேண்டுமே!

'எடுத்த காரியத்தை முடிக்காமல் விடாதே' என்று, வகுப்பில் எத்தனையோ முறை சொன்னவன் நான். இன்று அதோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன். ஆழம் தெரியாத குளத்தின் கரையில், 'என்னடா, பயமா?' என்று நண்பர்கள் கேலி செய்யலாம். அப்போது, 'ஆமாம், நான் வரலை' என்று சொல்லித் திரும்பி நடப்பவனே தைரியசாலி. அவனைக் கேலி செய்யாமல் கூடவே திரும்புபவன், நல்ல நண்பன்.

ஒன்று... கணக்கு வரவில்லை என்று புத்தகத்தை மூடி வைக்க, இதைச் சாக்காகச் சொல்லக் கூடாது. கணக்கில் தப்பு விட்டால் அழித்துவிட்டு மறுபடியும் போடலாம். உயிர் அப்படியல்ல!

நினைவில் வைத்துக் கொள்வீர்கள்தானே?

அன்புடன்,
ஆசிரியர்