ஆறாவது மலையில ஒரு யூரியா பை!

செமஸ்டர் முடிஞ்சுது, அரியர் கணக்கை ரிசல்ட் வந்ததும் பார்த்துக்கலாம்னு பையைத் தூக்கிட்டு கிளம்பத் தயாரா இருப்பீங்க. வால்பாறையா, பரளிக்காடா, வெள்ளியங்கிரியா... எங்க வேணா போங்க. ஆனா இந்த வாரம் ஊரைப் பத்திப் பேசப் போறதில்லை. நீங்க முதுகுல மாட்டிட்டுப் போற பைக்குள்ள இருக்கிற இன்னொரு பையைப் பத்தி. 'ட்ரை பேக்'னு கடையில தொங்குமே, வாயைச் சுருட்டி கிளிப் போடுற பை, அதேதான்.

"மழைக்கு ஒரு பையா? அதுக்கு ஒரு கட்டுரையா?"ன்னு நெளியாதீங்க பாஸ். ஒரு ஃப்ளாஷ்பேக் சொல்றேன்.

சில வருஷத்துக்கு முன்னாடி, ஒரு மே மாசம். நாங்க அஞ்சு பேர், பூண்டி அடிவாரத்துல மூங்கில் தடி வாங்கிட்டு ராத்திரியே வெள்ளியங்கிரி ஏற ஆரம்பிச்சோம். கீழே செம புழுக்கம். "மே மாசத்துல எவன்டா ஸ்வெட்டர் எடுப்பான்"னு எல்லாரும் திருப்பூர் பனியனும் ஒரு ஜீன்ஸுமா வந்திருந்தோம். மாத்துத்துணி எல்லாம் காலேஜ் பையில. பைக்கு மேல பளபளன்னு ரெயின் கவர். பில்டப்புக்கு ஒண்ணும் குறைச்சல் இல்லை.

ஏழாவது மலையில கும்பிட்டுட்டு இறங்கும்போது ஆரம்பிச்சுது கோடை மழை. கூடவே காத்து. ஆறாவது மலை ஆண்டி சுனைப் பக்கம் வர்றதுக்குள்ள எல்லாரும் தொப்பல். எங்க செட்டுலயே ஒல்லியான மாப்ள ஒருத்தன். அவனுக்கு முதல்ல பல்லு தந்தியடிச்சுது. நாங்க சிரிச்சோம். அப்புறம் அவன் தடியைக் கீழே விட்டான், எடுக்க வரலை. "என்னடா ஆச்சு?"ன்னு கேட்டா, தண்ணியடிச்சவன் மாதிரி குழறுறான். சிரிப்பு நின்னு போச்சு.

அவசரமா பையைத் திறந்தோம். ரெயின் கவர் வெளிப்பக்கத்தை மட்டும்தான் மூடும், முதுகுப்பக்கம் திறந்தே இருக்கும்ங்கிறது அப்பதான் புரிஞ்சுது. முதுகு வழியா ஓடின தண்ணி முழுக்க உள்ளே இறங்கி, மாத்துத்துணி எல்லாம் பிழிஞ்சா ஒரு பக்கெட் தேறும். அஞ்சு பேர் பையில காய்ஞ்ச துணின்னு ஒரு கர்ச்சீப் கூட இல்லை.

அப்ப பின்னாடி வந்த ஒரு பெரியவர் நின்னார். பொள்ளாச்சிப் பக்கம் தோட்டக்காரர், அறுபது வயசு இருக்கும். "ஏனுங் தம்பி, ஈரத்தைக் கழட்டாம வேடிக்கை பார்த்துட்டு நிக்கறீங்க? கழட்டுங்க மொதல்ல"ன்னு ஒரு அதட்டல். தோள்ல இருந்த மஞ்சப்பைக்குள்ள கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். யூரியா மூட்டைக்குள்ள இருக்குமே ஒரு பாலிதீன் பை, அது. கழுவிச் சுத்தமா வெச்சிருந்தார். காத்தை அமுக்கி வெளியேத்தி, வாயை மூணு நாலு மடிப்பு சுருட்டி, நூல்கயிறு போட்டுக் கட்டியிருந்தார். உள்ளே ஒரு துண்டு, ஒரு வேட்டி, ஒரு கம்பளி. எல்லாம் மொடமொடன்னு காய்ஞ்சு இருந்துச்சு!

மாப்ளயைத் துவட்டி, வேட்டியைச் சுத்தி, கம்பளியைப் போத்தி நடுவுல உக்கார வெச்சு, காத்துக்கு மறைப்பா நாங்க சுத்தி நின்னோம். அரை மணி நேரத்துல பயபுள்ளைக்குப் பேச்சு தெளிவாச்சு. பேசின முதல் வார்த்தை, "பசிக்குதுடா". எங்களுக்கு உயிர் வந்துச்சு.

"யூரியா ஈரம் பட்டா கெட்டுப் போயிருமுங்க. அதைக் காப்பாத்தற பை நம்ம துணியைக் காப்பாத்தாதா?"ன்னார் பெரியவர். அந்தக் காலத்துல மழைக்குச் சாக்கை மடிச்சு கொங்காடை போட்ட ஊருங்க இது. நமக்குத்தான் மறந்து போச்சு.

அவர் செஞ்சதுக்குப் பேருதான் இன்னிக்கு 'ரோல் டாப்'. இப்ப கடைக்குப் போவோமா?

முதல் கேள்வி: எது நனையக் கூடாது?

எல்லாரும் சொல்ற பதில், செல்போன். தப்பு பாஸ்! போன் நனைஞ்சா செலவு, அவ்வளவுதான். நனைஞ்சா ஆளையே சாய்க்கிறது ரெண்டே ரெண்டு. ஒரு செட் காய்ஞ்ச துணி, தினம் சாப்பிடற மாத்திரை மருந்து. தண்ணி, காத்தைவிட சுமார் 25 மடங்கு வேகமா சூட்டைக் கடத்தும். அதுலயும் காட்டன் பனியன் நனைஞ்சா உடம்போட ஒட்டிக்கிட்டு லேசுல காயாது. மலைக்காத்து வேற அடிச்சா, உடம்புச் சூடு மளமளன்னு இறங்கும். நடுக்கம், தடுமாற்றம், குழறல்னு வரிசையா வரும். இன்னும் குளிர்லயே இருக்கும்போது நடுக்கம் தானா நின்னா 'சரியாப் போச்சு'ன்னு நினைக்காதீங்க, அதுதான் பெரிய ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்கு வழி பாருங்க.

அதனால துணிக்கும் மருந்துக்கும்தான் முதல் பை. போனுக்கு அப்புறம் இடம் பார்த்துக்கலாம்.

எத்தனை லிட்டர்?

'பெருசா ஒண்ணு வாங்கிட்டா எல்லாம் அடங்கிடும்'ங்கிறது ஹாஸ்டல் பெட்டி லாஜிக். மழையில பிஸ்கட் எடுக்க அதைத் திறந்தா, எல்லாமே சேர்ந்து நனையும். சின்னதா ரெண்டு மூணு வாங்குங்க. ஒரு செட் துணிக்கும் துண்டுக்கும் 10 லிட்டர் போதும். மருந்து, போன், பர்ஸ், டார்ச்சுக்கு ஒரு 3 அல்லது 5 லிட்டர். ராத்திரி தங்கறதுக்கு ஸ்லீப்பிங் பேக் எடுத்தா மட்டும் 20. வனத்துறை 2024 அக்டோபர்ல 'ட்ரெக் தமிழ்நாடு'ன்னு 40 ரூட்டுக்கு ஆன்லைன் புக்கிங் ஆரம்பிச்சாங்களே, அந்த மாதிரி காலையில போய் சாயங்காலம் திரும்பற நடைக்கு 10-உம் 3-உம் தாராளம். சுருட்டற மடிப்புக்கே கொஞ்சம் இடம் போயிடும், அதனால வாய் வரைக்கும் திணிக்க முடியாது. அதையும் கணக்குல வெச்சுக்கோங்க.

தையலா, ஒட்டா?

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது லாரி தார்ப்பாய் தைக்கிற ஒரு அண்ணன். "ஊசி போன ஓட்டையில தண்ணியும் போகுமுங்க" - ஒரே வரியில முடிச்சுட்டார். பையைத் திருப்பி ஓரத்தைப் பாருங்க. சூட்டுல உருக்கி ஒட்டியிருந்தா நல்லது. தைச்சிருந்தா, தையல் மேல உள்பக்கம் டேப் ஒட்டியிருக்கணும். வெறும் தையலா? கீழே வெச்சுட்டு நடையைக் கட்டுங்க.

துணியில ரெண்டு மூணு வகை உண்டு. பிவிசி பூசினது கனம், முரடு, விலை குறைவு. பரிசல்ல, பாறையில போட்டு இழுத்தாலும் தாங்கும். டிபியு பூசினது லேசு, நல்லா வளையும், விலை கூட. மெல்லிசு நைலான்ல வர்றது இறகு மாதிரி இருக்கும். அதை முதுகுப்பைக்குள்ள வைக்கத்தான் வாங்கணும், வெளியில முள்ளுல மாட்டினா அவ்வளவுதான்.

ஐபிஎக்ஸ்னு என்னமோ போட்டிருக்கே?

அது தண்ணிக்கான மார்க் ஷீட். ஐபிஎக்ஸ் 4 - எல்லாப் பக்கமும் தெளிச்சாலும் தாங்கும். 6 - வேகமா பீய்ச்சி அடிச்சாலும் தாங்கும். 7 - ஒரு மீட்டர் ஆழத்துல 30 நிமிஷம் தாங்கும். 'வாட்டர் ரெசிஸ்டன்ட்'னு மட்டும் போட்டிருந்தா, 'தூறலுக்கு ஓகே, மழைக்கு நான் பொறுப்பில்லை'ன்னு அர்த்தம். தமிழ்நாட்டுலயே அதிகமா மழை கொட்டற இடங்கள்ல ஒண்ணு நம்ம வால்பாறைக்கு மேல இருக்கிற சின்னக்கல்லார். ஜூலையில அந்தப் பக்கம் போறவங்க 6-க்குக் கீழே யோசிக்காதீங்க. பரளிக்காட்டுல பில்லூர் அணைத் தண்ணியில பரிசல் சவாரிக்கும் இதே போதும். சுருட்டற பை எதுவுமே ரொம்ப நேரம் முங்கிக் கிடக்கிறதுக்குச் செஞ்சது இல்லை.

பங்ச்சர் கடை டெஸ்ட்

வாங்கிட்டு வந்ததும் காத்து நிறைச்சு, வாயை மூணு நாலு மடிப்பு இறுக்கமா சுருட்டி, கிளிப் போட்டு, பக்கெட் தண்ணியில அமுக்குங்க. சைக்கிள் ட்யூப் மாதிரிதான். குமிழ் வந்தா ஓட்டை. எங்கிருந்து வருதுன்னு பார்த்து, பில்லோட கடைக்கே திரும்பிப் போங்க. மலையில கண்டுபிடிக்கிறதுக்கு பாத்ரூம்ல கண்டுபிடிக்கிறது மேல்.

இன்னொண்ணு. வெளித்தண்ணி உள்ளே வராதுன்னா, உள்ளே போன ஈரமும் வெளியே வராது. அருவியில குளிச்ச ஜட்டியைக் காய்ஞ்ச துணியோட சேர்த்துப் போட்டு மூடாதீங்க. வீட்டுக்கு வந்ததும் பையைக் கழுவி, வாயைத் திறந்து நிழல்ல காய விடுங்க.

சீரியஸா ஒரு விஷயம்

காத்து நிறைஞ்ச ட்ரை பேக் தண்ணியில மிதக்கும். அதைப் பிடிச்சுட்டு நாமளும் மிதக்கலாம்னு ஒரு ஐடியா வரும் பாருங்க, அதை அங்கேயே கொன்னுடுங்க. அது லைஃப் ஜாக்கெட் கிடையாது. 2023 அக்டோபர்ல வால்பாறைக்குப் போன கோவை காலேஜ் பசங்க அஞ்சு பேர் ஆத்துல மூழ்கி இறந்துட்டாங்க. நம்மள மாதிரியே டூர் போன பசங்க. மேட்டுப்பாளையம் பவானியில பில்லூர் அணையில தண்ணி விட்டா, கணுக்கால் அளவு இருந்த இடம் கொஞ்ச நேரத்துல ஆளை இழுக்கும். பை நனையாம இருக்கிறதுக்குத்தான் இத்தனை பேச்சு. ஆள் திரும்பி வந்தாத்தான் அந்தப் பைக்கே வேலை.

"எங்கிட்ட அவ்வளவு காசு இல்லை பாஸ்"னு சொல்றவங்களுக்கு: தடிமனான பாலிதீன் பை ரெண்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு. காத்தை அமுக்கு, மூணு நாலு மடிப்பு சுருட்டு, கட்டு. முதுகுப்பைக்குள்ள அடியில வை. திரும்பி வரும்போது அதை மலையில வீசாம வீட்டுக்கே கொண்டு வா. அடுத்த ட்ரிப்புக்கும் அதே பை.

அன்னிக்கு அடிவாரம் வந்து, துவைச்சுத் தர்றோம், அட்ரஸ் கொடுங்கன்னு பெரியவர்கிட்ட கேட்டோம். "அட, வெச்சுக்குங்க கண்ணு. அடுத்த வாட்டி வேற யாராச்சும் நடுங்கிட்டு நிப்பாங்க, அவங்களுக்குக் குடுங்க"ன்னுட்டு பஸ் ஏறிட்டார்.

அதுல இருந்து என் பையில எப்பவும் ரெண்டு செட் காய்ஞ்ச துணி இருக்கும். ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு, இதைப் படிக்காம வந்தவங்களுக்கு!

அடுத்த வாரம் வேற ரூட்டுல பார்ப்போம். பையைக் கட்டுங்க மக்களே!